முகமா, விளிம்பா? பழைய களிமண் போக்கர் சிப்களில் எந்த அச்சைத் தேர்வது

போக்கர் சீட்டாட்டத்தில் பணத்துக்குப் பதிலாக மேசையில் வைக்கும் வட்டக் காய்களான பழைய அமெரிக்கக் களிமண் சிப்களைச் சேகரிக்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் நான்கு வழிகள் பிரியும் இடத்தில் தயங்கி நிற்கிறார்கள். குதிரைத் தலையோ பாய்மரக் கப்பலோ முகம் முழுவதும் செதுக்கப்பட்ட நூறாண்டுப் பழைய சிப்களை வாங்குவதா, விளிம்பைச் சுற்றிச் சிறு கிரீடங்கள் பதிந்த நடுநூற்றாண்டுச் சிப்களை வாங்குவதா, நெவாடாவின் கேசினோ மேசைகளில் புழங்கிய தொப்பியும் கைத்தடியும் கொண்ட சிப்களைத் தேடுவதா, அல்லது பழைய அச்சுகளிலேயே இன்று புதிதாகச் செய்து வாங்குவதா? விற்பனையாளர்கள் இந்த நான்கையும் 'விண்டேஜ் கிளே' என்ற ஒரே பெயரில் முன்வைப்பதால் குழப்பம் கூடிவிடுகிறது.

இவை நான்கும் வெவ்வேறு தேவைகளுக்காகப் பிறந்தவை என்பதை அச்சின், அதாவது சிப்பின் மேல் அழுத்திப் பதிக்கும் உருவத்தின், வரலாறே காட்டுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உருவம் சிப்பின் நடுவே, முகம் முழுவதையும் ஆக்கிரமித்து நின்றது. அடுத்த சில பத்தாண்டுகளில் அது விளிம்புக்கு நகர்ந்தது. நடுப்பகுதி உரிமையாளரின் பெயருக்காகக் காலியாக விடப்பட்டது. இந்த இடப்பெயர்ச்சி ஏன் நிகழ்ந்தது என்று தெரிந்துகொண்டால் எதை வாங்குவது என்ற கேள்வியில் பாதிக்கு விடை கிடைத்துவிடும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

## அச்சு எப்படிப் பதிகிறது

களிமண் சிப் என்ற பெயரைக் கேட்டுச் சூளையில் சுட்ட ஓட்டுச்சில்லை நினைத்துக்கொள்ளக் கூடாது. 1880களில் பரவலான இந்தச் சிப்கள் களிமண்ணும் பிற கனிமத் தூள்களும் அரக்கும் சேர்ந்த கலவையால் ஆனவை. பழைய 78 சுழற்சி இசைத்தட்டுகளும் ஏறத்தாழ இதே குடும்பத்துக் கலவைதான். அந்தக் காலத்தில் உலகச் சந்தைக்கு அரக்கை அனுப்பிய முதன்மையான நாடு இந்தியா. வங்காளம், பிகார், சோட்டா நாக்பூர் பகுதிகளின் மரங்களில் திரண்ட அரக்கு கல்கத்தா வழியாகக் கப்பலேறியது. அரக்குக்குப் பதிலாகப் பிற்காலத்தில் செயற்கைப் பிசின்கள் வந்தன. செய்முறையின் அடிப்படை அதிகம் மாறவில்லை.

கலவையைத் தகடாக்கி வட்டமாக வெட்டுவார்கள். விளிம்பில் சில இடங்களைக் கத்தரித்து எடுத்துவிட்டு, அங்கே வேறு நிறத் துண்டுகளைக் கையால் பொருத்துவார்கள். பிறகு, உருவம் எதிர்மறையாகச் செதுக்கப்பட்ட இரண்டு உலோகக் கிண்ணங்களுக்கு நடுவே வைத்துச் சூட்டோடு அழுத்துவார்கள். கலவை இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், கிண்ணத்தின் உருவம் மேலே பதியும், ஆறியதும் வெளியோரத்தைக் கடைந்து சீராக்குவார்கள். இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் உண்மையான அழுத்தச் சிப்பை அடையாளம் காணும் வழி இதிலேயே இருக்கிறது. நிறத்துண்டுகள் பொருத்தப்பட்ட பிறகே அச்சு விழுவதால், விளிம்பு உருவம் நிறம் மாறும் இடத்தைப் பொருட்படுத்தாமல் இரண்டு நிறங்களின் மேலும் தொடர்ச்சியாக ஓடும். கையால் பொருத்திய துண்டுகள் சிப்புக்குச் சிப் சற்றே வேறுபட்டும் இருக்கும். இன்று அங்காடிகளில் '11.5 கிராம் களிமண் சிப்' என்று விற்கப்படுபவை பெரும்பாலும் உள்ளே உலோகத் தகடு வைத்த பிளாஸ்டிக் வார்ப்புகள். இந்தக் கட்டுரைக்கு அவை சம்பந்தமில்லாதவை.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல், அச்சு எதற்குச் சான்றாகும் என்பது. சில அச்சுகள் தயாரிப்பாளரைக் காட்டும், சில காலத்தைக் காட்டும், மிகச் சிலவே சிப் புழங்கிய இடத்தைக் காட்டும். வரலாற்றுக்காகச் சேகரிக்கிறவருக்கு இதுவே எல்லாவற்றுக்கும் முன்னால் வர வேண்டும். இரண்டாவது, சிப்பைக் கையில் எடுத்து விளையாடலாமா, கண்ணாடிப் பெட்டியில் வைக்க வேண்டியதா என்பது. மூன்றாவது, ஒரே அச்சில் ஒரே நிலையில் சில நூறு சிப்கள் சேருமா என்பது. ஒற்றைச் சிப்களைச் சேகரிக்கிறவருக்கு இது பொருட்டில்லை, மேசைக்கு ஒரு முழுத் தொகுதி வேண்டுகிறவருக்கு இதுதான் முதல் தடை. நான்காவது, போலியும் பிற்காலச் சேர்க்கையும் எந்த அளவுக்கு நுழையக்கூடும் என்பது. ஐந்தாவது, விலைப்பட்டியலில் தெரியாத செலவு: சுத்தம் செய்தல், உடைவு, அஞ்சல் எடை, சுங்கம், காத்திருப்பு, சில வேளைகளில் உடல்நலம்.

| அளவுகோல் | முகம் முழுவதும் உருவம் | விளிம்பு அச்சு, பொன்தாள் முத்திரை | தொப்பியும் கைத்தடியும் | பழைய அச்சில் புதியவை |
|---|---|---|---|---|
| காலம் | 1880களிலிருந்து 1930கள் வரை | பெரும்பாலும் 1930களிலிருந்து 1960கள் வரை | 1963க்குப் பிறகு | இன்று |
| அச்சு தரும் சான்று | காலத்துக்கு ஓரளவு, இடத்துக்கு அரிது | தயாரிப்பாளருக்கு வலுவானது | தயாரிப்பாளர், புழங்கிய இடம் இரண்டுக்கும் | இல்லை |
| விளையாட்டுக்கு | பொருந்தாது | நன்றாகப் பொருந்தும் | மிக நன்றாகப் பொருந்தும் | மிக நன்றாகப் பொருந்தும் |
| முழுத் தொகுதி | அரிதாக | பொறுமையிருந்தால் | விலை கொடுத்தால் | எத்தனை வேண்டுமானாலும் |
| முக்கிய ஆபத்து | உடைவு, தவறான சுத்தம் | பிற்கால முத்திரை | ஈயம், மிகைப்பட்ட கதைகள் | காலத்தாமதம் |

## முகம் முழுவதும் உருவம் கொண்ட சிப்கள்

அமெரிக்காவில் போக்கர் பரவிய தொடக்க காலத்தில் நாணயம், எலும்பு, தந்தம், மரம் என்று கிடைத்ததெல்லாம் கணக்குக் காயாக இருந்தது. கலவைச் சிப்கள் மலிவாக வந்தபோது ஒரு புதிய சிக்கல் எழுந்தது: உருவம் எதுவுமில்லாத வெள்ளை, சிவப்பு, நீலச் சிப்களை எந்தக் கடையிலும் வாங்க முடிந்ததால், ஆட்டக்காரர் ஒருவர் சட்டைப்பையில் சிலவற்றைப் போட்டுக்கொண்டு வந்து மேசையில் கலந்துவிட முடிந்தது. இதைத் தடுப்பதற்காகவே சிப்பின் முகத்தில் உருவம் ஏறியது.

மூன்று முறைகள் கையாளப்பட்டன. கிண்ணத்திலேயே உருவத்தைச் செதுக்கிப் புடைப்பாக எழுப்புவது ஒன்று. செய்து முடித்த சிப்பில் கோடுகளைக் குடைந்து வண்ணம் நிரப்புவது இரண்டாவது. வேறு நிறக் கலவையால் உருவத்தை வெட்டி, சிப்போடு சேர்த்து அழுத்தி ஒரே உடலாக்குவது மூன்றாவது. இவற்றில் மூன்றாவதை, அதாவது பதிப்பு முறையை, வீட்டிலிருந்தபடி நகலெடுப்பது மிகக் கடினம். குடைவு முறை கண்ணுக்கு அழகானதாயினும் வண்ணம் உதிர்ந்துவிடும். இன்று கடைகளில் மூன்றும் கலந்தே கிடக்கும். பக்கவாட்டு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் குடைவில் பள்ளமும் புடைப்பில் மேடும் தெரியும்; பதிப்பில் தளம் கிட்டத்தட்டச் சமமாக இருக்கும்.

உருவங்களின் வளம்தான் இந்தக் காலத்தின் பெருமை. கழுகு, மான், வேட்டை நாய், பந்தயக் குதிரை, நங்கூரம், கப்பல், மிதிவண்டி, நான்கிலைப் புல், சீட்டின் நான்கு குறிகள், குடும்பப் பெயரின் பின்னல் எழுத்துகள் என்று பட்டியல் நீள்கிறது. ஸ்வஸ்திகாவும் இதில் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்து அமெரிக்காவில் அது நற்பேற்றின் குறியாகவே சீட்டுமேசைக்கு வந்தது, ஆகவே அதற்கு ஜெர்மன் நாஜிக் கதையொன்றைக் கட்டி விலையேற்றும் விற்பனையாளரை நம்ப வேண்டாம். சின்சினாட்டியின் யுனைடெட் ஸ்டேட்ஸ் பிளேயிங் கார்டு நிறுவனம் சீட்டுக்கட்டுகளோடு சிப்களையும் விற்றது. சூதாட்டப் பொருள் வணிகர்கள் அஞ்சல் வழிப் பட்டியல்களில் இவற்றை அள்ளி அள்ளிக் கொடுத்தார்கள்.

ஆனால் அந்தப் பட்டியல்களிலேயே இந்த முறையின் பலவீனமும் இருந்தது. ஒரு விடுதி தேர்ந்தெடுத்த கழுகை அடுத்த ஊர்க்காரரும் அதே பக்கத்திலிருந்து தேர்ந்தெடுக்கலாம். அதனால்தான் முகவுருவச் சிப்பைப் பார்த்து அது எங்கே புழங்கியது என்று சொல்வது பெரும்பாலும் இயலாத காரியம். மதிப்பும் பொதுவாக அச்சிடப்படவில்லை. நிறம் மட்டுமே கணக்கைச் சொன்னது. வரலாற்றுச் சான்று என்ற அளவுகோலில் இவற்றுக்கு நான் குறைந்த மதிப்பெண்ணே தருவேன். வடிவக்கலை என்று பார்த்தால் மற்ற மூன்று வகைகளும் இவற்றை நெருங்க முடியாது.

மறைந்திருக்கும் செலவுகளில் முதலாவது அரக்கிலிருந்து வருகிறது. அரக்கு சாராயத்தில் கரையும், சூட்டில் இளகும். அழுக்கைப் போக்குவதற்காக ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்தால் மேற்பரப்பே கரைந்து மங்கிப்போகும். வெந்நீரில் ஊறப்போட்டால் சிப் வளைந்துவிடும். மென்மையான தூரிகை, சாதாரண நீர், மிகக் குறைந்த சோப்பு, உடனே உலர்த்துதல் ஆகியவற்றுக்கு மேல் எதையும் செய்யாதிருப்பதே பாதுகாப்பு. குடைவில் நிரப்பிய வண்ணம் தளர்ந்திருந்தால் நீரையும் தவிர்த்துவிட வேண்டும். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் விட்டுச் செல்வதையும், ஓட்டுக் கூரைக்கடியில் பரணில் வைப்பதையும் நம் ஊர்களில் இருப்பவர்கள் குறிப்பாகத் தவிர்க்க வேண்டும். இரண்டாவது செலவு உடைவு. இவை கல்தரையில் விழுந்தால் ஓரம் சிதறும். அஞ்சலில் ஒன்றோடொன்று மோதினாலும் சிதறும்.

மூன்றாவதாக ஒரு சட்டச் சிக்கலும் இருக்கிறது. பழைய பெட்டிகளில் கலவைச் சிப்களோடு தந்தச் சிப்களும் சில சமயம் கலந்து வரும். அமெரிக்கா 2016இல் யானைத் தந்த வணிகத்துக்கு ஏறத்தாழ முழுத் தடை விதித்தது. இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்த் தந்தத்தை வாங்குவதும் விற்பதும் இறக்குமதி செய்வதும் குற்றம். ஆகவே கலப்புப் பெட்டியை வாங்கும்முன் ஒவ்வொரு சிப்பின் படத்தையும் கேட்டுப் பார்க்காமல் பணம் அனுப்பக் கூடாது.

எப்போது இது மேல்: விளையாடும் எண்ணம் இல்லாமல், ஓர் உருவத்துக்கு ஒன்றிரண்டாகச் சேர்த்துக் காட்சிக்கு வைக்க விரும்புகிறவருக்கும், ஓவியம், அச்சுக்கலை, வணிகச் சின்னங்கள் ஆகியவற்றில் ஈடுபாடு உள்ளவருக்கும் இதைவிடப் பொருத்தமான தேர்வு இல்லை.

## விளிம்பு அச்சும் பொன்தாள் முத்திரையும்

பட்டியல் உருவம் யாருக்கும் கிடைக்கும் என்றானபின், சிப்புக்குக் காவல் வேறு இடத்திலிருந்து வர வேண்டியிருந்தது. தயாரிப்பாளர்கள் உருவத்தைச் சிறிதாக்கி, விளிம்பில் திரும்பத் திரும்ப வரும் கோலமாக மாற்றினார்கள். விளிம்பு தயாரிப்பாளரின் கையொப்பமாயிற்று. நடுவே விடப்பட்ட வெற்று வட்டத்தில் உரிமையாளரின் எழுத்துகளோ மதிப்போ சூடான உலோக முத்திரையால் பொன்தாள் வைத்து அழுத்தப்பட்டன. ஒரு விடுதி தன் பெயரை மாற்றிக்கொண்டால் முத்திரையை மட்டும் புதிதாகச் செய்தால் போதும், விலையுயர்ந்த கிண்ணத்தைத் தொட வேண்டியதில்லை. பொருளாதாரமும் பாதுகாப்பும் ஒரே தீர்வில் கூடிவந்த இந்த இடம்தான் சிப் அச்சு வரலாற்றின் மிக முக்கியமான திருப்பம் என்பது என் கருத்து.

சேகரிப்பாளர்கள் இந்த அச்சுகளை உருவத்தின் பெயராலேயே அழைக்கிறார்கள்: சிறு கிரீடம், பெரிய கிரீடம், சாவி, வைரம், அம்பும் பகடையும், குதிரைத் தலை, பகடையும் சீட்டும். லாஸ் ஏஞ்சலிஸின் டி.ஆர். கிங் நிறுவனம் என்றாலே சிறு கிரீடம் நினைவுக்கு வரும். மெய்ன் மாநிலத்துப் போர்ட்லாந்தின் பர்ட் நிறுவனம் பல அச்சுகளைக் கையில் வைத்திருந்தது. சிக்காகோவை ஒட்டிய சிசரோவின் டெய்லர் நிறுவனம், மேசன் நிறுவனம் போன்றவை விடுதிகளுக்குச் சிப்களை விற்றன.

யார் வாங்கினார்கள் என்பதுதான் இந்த வகையை இவ்வளவு சுவையானதாக்குகிறது. நெவாடா 1931இல் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கியது. கலிபோர்னியாவில் லாஸ் ஏஞ்சலிஸை அடுத்த கார்டினாவில் 1936இலிருந்து சீட்டுக் கழகங்கள் ஊர் அனுமதியோடு இயங்கின. இவற்றுக்கு வெளியே, கென்டக்கியின் நியூபோர்ட்டிலும், டெக்ஸாஸின் கால்வெஸ்டனிலும், ஆர்கன்ஸாவின் ஹாட் ஸ்பிரிங்ஸிலும் சட்டத்தின் கண்ணுக்கு முன்னாலேயே பெரிய விடுதிகள் பத்தாண்டுக் கணக்கில் நடந்தன. கால்வெஸ்டனில் 1957இலும், நியூபோர்ட்டில் 1960களின் தொடக்கத்திலும், ஹாட் ஸ்பிரிங்ஸில் ஆளுநர் வின்த்ராப் ராக்ஃபெல்லரின் நடவடிக்கையால் 1967இலும் அவை முடிவுக்கு வந்தன. இத்தகைய இடங்களின் சிப்களில் முழுப் பெயர் இருப்பது குறைவு. இரண்டு மூன்று எழுத்துகளே இருக்கும். அந்த எழுத்துகள் எந்த விடுதியைக் குறிக்கின்றன என்பதை, தப்பிப் பிழைத்த தயாரிப்பாளர் ஆர்டர் அட்டைகளை வைத்துச் சேகரிப்பாளர்கள் ஒன்றொன்றாகக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அட்டையில் முத்திரை எழுத்து, அச்சு, நிறம், அனுப்பிய முகவரி ஆகியவை இருந்தால், பெயரில்லாத ஒரு சிப்புக்கு ஊரும் தெருவும் கிடைத்துவிடும். அச்சு இங்கே உண்மையான சான்றாகிறது: அட்டை ஓர் அச்சைச் சொல்லி, கையிலுள்ள சிப் வேறோர் அச்சில் இருந்தால், எழுத்துகள் ஒத்துப்போனாலும் அது அந்த விடுதியுடையது என்று ஏற்க முடியாது.

இந்த வகையின் பெரிய பொறியும் விளிம்பிலேயே இருக்கிறது. சிறு கிரீடம் கேசினோவுக்கென்று ஒதுக்கப்பட்ட அச்சு அல்ல. பல பத்தாண்டுகளாகப் பொதுமக்களும் வாங்கக்கூடியதாக இருந்தது. ஆகவே கிரீடத்தைக் கண்டதும் 1940களின் சட்டவிரோத விடுதி என்று முடிவுகட்டக் கூடாது. அதோடு, முத்திரையில்லாத பழைய வெற்றுச் சிப்கள் இன்றும் கிடைக்கின்றன. அவற்றின் நடுவே புதிதாகப் பொன்தாள் முத்திரை இடுவதற்குப் பெரிய தொழில்நுட்பம் தேவையில்லை. இதற்கு நான் பரிந்துரைக்கும் சோதனை, தேய்மானத்தை ஒப்பிடுவது. சிப் மேசையில் புழங்கும்போது விளிம்புக் கோலமும் நடு முத்திரையும் சேர்ந்தே தேயும். கிரீடத்தின் முனைகள் மழுங்கியிருக்க, நடுவே பொன்னெழுத்து கூர்மையாக மின்னினால், அந்த எழுத்து பின்னால் வந்தது என்று கொள்ளலாம். உருப்பெருக்கியில் பார்க்கும்போது சிப்பின் மேலுள்ள பழைய கீறல்கள் பொன்தாளையும் சேர்த்துக் கீறியிருக்கின்றனவா, அல்லது பொன்தாள் கீறலுக்குள் இறங்கிப் படிந்திருக்கிறதா என்பதைக் கவனித்தால் ஐயம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

விளையாட்டுக்கு இவை நல்ல சிப்கள். எடை மிதமானது, அடுக்கினால் வழுக்காது, ஒன்றோடொன்று உரசும் ஒலி மென்மையாக இருக்கும். ஆனால் தொடர்ந்து விளையாடினால் பொன்தாள் உதிரும், அதைத் திரும்ப ஏற்றினால் சான்று மதிப்பு போய்விடும். இங்கே கணக்கில் சேர்க்க வேண்டிய மறைசெலவு பொருத்தம்: ஒரே எழுத்து முத்திரை கொண்ட தொகுதி பல பேர் கைகளில் சிதறியிருக்கும். வெள்ளையும் சிவப்பும் எளிதில் கிடைத்து, உயர்மதிப்பு நிறம் மட்டும் கிடைக்காமல் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேரும். அந்தக் கடைசி நிறத்துக்குக் கொடுக்கும் விலை மற்ற எல்லாவற்றுக்கும் கொடுத்ததை நெருங்கக்கூடும்.

எப்போது இது மேல்: ஒரு சிப்பின் பின்னாலுள்ள ஊரையும் ஆட்களையும் தேடிக் கண்டுபிடிப்பதில் மகிழ்ச்சி காண்கிறவருக்கும், வரலாறும் விளையாட்டும் ஒரே பொருளில் வேண்டுகிறவருக்கும் இதுவே சரியானது. ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் இதைத்தான் தேர்வேன்.

## தொப்பியும் கைத்தடியும்

பால் எண்டி 1963இல் லாஸ் வேகஸில் தொடங்கிய பால்-சன் நிறுவனம், உயர்ந்த தொப்பியும் கைத்தடியும் விளிம்பைச் சுற்றி மாறி மாறி வரும் அச்சைக் கேசினோ உலகின் பொது முகமாக்கியது. மெக்சிகோவின் சான் லூயிஸ் ரியோ கொலராடோவில் அதன் தொழிற்சாலை இருந்தது. 2002இல் பிரெஞ்சு நிறுவனமான பூர்கோன் எ கிராஸுடன் இணைந்து, 2004இல் கேமிங் பார்ட்னர்ஸ் இன்டர்நேஷனல் என்ற பெயரை ஏற்று, 2019இல் ஜப்பானிய ஏஞ்சல் குழுமத்தின் வசமானது.

இந்தக் காலத்தில் அச்சின் வேலை மாறிவிட்டது. நடுவே பொன்தாள் முத்திரைக்குப் பதிலாக, பல வண்ணத்தில் அச்சிட்ட வட்ட வில்லை சிப்போடு சேர்த்து அழுத்தப்பட்டது. விடுதியின் பெயர், ஊர், மதிப்பு எல்லாம் அதில் வந்தன. விளிம்பின் நிறத்துண்டுகள் மேலிருந்து கண்காணிக்கும் கேமராவுக்கு மதிப்பை உணர்த்தின. 1978இல் முதல் கேசினோ திறந்த அட்லாண்டிக் சிட்டியில், நியூ ஜெர்சி மாநிலம் ஒவ்வொரு மதிப்புக்கும் அடிப்படை நிறத்தை விதியாகவே வகுத்தது: 5 டாலர் சிவப்பு, 25 பச்சை, 100 கறுப்பு. பெரிய விடுதிகள் தங்களுக்கு மட்டுமேயான விளிம்பு அச்சையும் செய்துகொண்டன. சான்று என்ற அளவுகோலில் இவற்றுக்கு மிஞ்சியது இல்லை: பெயர், ஊர், தயாரிப்பாளர் மூன்றும் சிப்பிலேயே இருக்கின்றன. டியூன்ஸ் 1993இலும், சேண்ட்ஸ் 1996இலும், ஸ்டார்டஸ்ட் 2007இலும் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. அவற்றின் பெயரைத் தாங்கிய சிப்களைத் தேடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

கிடைப்பதுதான் கடினம். மூடிய விடுதிகள் சிப்களைக் கண்டபடி விற்றுவிட முடியாது. நெவாடாவில் ஒழுங்குமுறை விதி 12 இதைக் கட்டுப்படுத்துகிறது, பெரும்பகுதி அழிக்கப்படுகிறது. துளையிட்டோ நறுக்கியோ செல்லாததாக்கிய சிப்கள் மலிவாகக் கிடைக்கும். காட்சிக்கு அவையே போதும், ஆனால் துளை விழுந்ததை முழுச் சிப்பின் விலைக்கு வாங்கிவிடக் கூடாது. மேலும், 1980களில் செய்யப்பட்ட தொப்பி-கைத்தடிச் சிப்கள் பலவற்றில் எடைக்காக ஈயம் கலந்திருந்தது. ஓரம் தேய்ந்து பொடி உதிரும் சிப்களைக் குழந்தைகள் கையில் கொடுக்கவே கூடாது. விளையாடும்போது அருகில் சாப்பாட்டுத் தட்டு வைக்கக் கூடாது. ஆட்டம் முடிந்ததும் கையைக் கழுவ வேண்டும். இந்தச் சிப்களைத் தேய்த்தோ அரம் வைத்தோ அழகுபடுத்த முனைவது ஆபத்தானது.

இன்னும் செயல்படும் கேசினோவின் சிப்களை வீட்டு மேசைக்கென்று மொத்தமாக விற்க முன்வருகிறவரிடம் வாங்காமலிருப்பதே நல்லது. அவை எங்கிருந்து வந்தன என்ற கேள்விக்கு நேர்மையான பதில் கிடைப்பது அரிது.

எப்போது இது மேல்: குறிப்பிட்ட ஒரு கேசினோவின் வரலாற்றில் பற்று உள்ளவருக்கும், கையில் எடுத்தால் உண்மையான கேசினோ உணர்வு வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவருக்கும். செலவைப் பொருட்படுத்த வேண்டியவருக்கு இது ஒற்றைச் சிப்களாகச் சேர்ப்பதற்கு ஏற்றது, தொகுதிக்கு அல்ல.

## பழைய அச்சில் புதிய சிப்கள்

பர்ட் நிறுவனத்தின் அச்சுகள் பிற்பாடு அட்லாண்டிக் ஸ்டாண்டர்ட் மோல்டிங் நிறுவனத்துக்கும், அதன்பின் கிளாசிக் போக்கர் சிப்ஸ் நிறுவனத்துக்கும் வந்து சேர்ந்தன. வீட்டு மேசைக்கு வேண்டிய அச்சு, நிறம், விளிம்புத் துண்டுகள், நடுவில்லை எல்லாவற்றையும் நாமே முடிவுசெய்து செய்வித்துக்கொள்ளும் வழி இப்படித் திறந்தது. உடைந்தால் மாற்று கிடைக்கும். எண்ணிக்கைக்குத் தட்டுப்பாடு இல்லை. ஈயம், தந்தம், பிற்கால முத்திரை என்ற கவலைகள் எழுவதில்லை.

விளிம்புத் துண்டுகள் கையால் பொருத்தப்படுபவை என்பதால், துண்டுகளும் நிறங்களும் கூடக்கூட விலையும் ஏறும். எளிய வடிவத்தில் கேட்ட விலையை வைத்துச் சிக்கலான வடிவத்துக்குக் கணக்குப் போடக் கூடாது. வடிவமைப்பு, மாதிரி, உற்பத்தி என்று காத்திருக்கும் காலமும் நீளும். மூடிப்போன உண்மையான விடுதி ஒன்றின் பெயரைப் போட்டுச் செய்வித்துக்கொள்வதை மட்டும் நான் வன்மையாக எதிர்க்கிறேன். செய்தவருக்கு அது விளையாட்டாக இருக்கலாம். இருபதாண்டுகள் கழித்து வேறொருவர் கையில் அது பழைய சிப்பாக மாறிவிடும், அச்சும் பழையதாகவே இருப்பதால் மறுக்கும் வழியும் இருக்காது. சொந்தப் பெயரையோ கற்பனைப் பெயரையோ இட்டு, நடுவில்லையில் செய்த ஆண்டையும் சேர்த்துவிட்டால் இந்தத் தீங்கு நேராது.

எப்போது இது மேல்: அடிக்கடி விளையாடுகிற, தன் மேசைக்கென்று ஒரு முழுத் தொகுதி வேண்டுகிறவருக்கு.

## பணம் அனுப்பும் முன்

எந்த வகையைத் தேர்ந்தாலும் கடல்கடந்து வரவழைப்பவருக்கு எடை ஒரு செலவு. களிமண் சிப் ஒன்று தோராயமாக 8 முதல் 10 கிராம் இருக்கும். 500 சிப்கள் பெட்டியின்றியே 4 முதல் 5 கிலோ. அஞ்சல் கட்டணத்தையும் சுங்க வரியையும் சேர்த்துப் பார்த்தபின் மலிவான தொகுதி மலிவாக இல்லாமல் போவது இயல்பு. ஆகவே முதலில் ஒரே ஒரு சிப்பை வரவழைத்துப் பார்த்துவிட்டுத் தொகுதியை முடிவுசெய்வது நல்லது.

விற்பனையாளரிடம் கேட்க வேண்டிய படங்கள் நான்கு. இரண்டு முகங்களும் நேராக ஒன்று, பக்கவாட்டு வெளிச்சத்தில் அச்சின் ஆழம் தெரிய ஒன்று, இருபது சிப்களை அடுக்கி ஓரம் மட்டும் தெரிய ஒன்று, பத்துச் சிப்களைச் சேர்த்துத் தராசில் வைத்து ஒன்று. அடுக்கின் படத்தில் சிப்களுக்கிடையே வெளிச்சம் புகுந்தால் அவற்றில் சில வளைந்தவை. நிறத்துண்டுகள் எல்லாம் இம்மி பிசகாமல் ஒரே அகலத்தில் இருந்தால் அவை அழுத்தச் சிப்களா என்று மறுபடி பார்க்க வேண்டும். பத்தின் எடை 115 கிராமை ஒட்டியிருந்தால் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.